ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். ஜான் போஸ்டல் என்று பரவலாக அறியப்படும் இவர், இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்து ஆவணப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். உலகெங்கும் மின்னஞ்சல் வழங்கிகள் தமக்குள் அஞ்சலைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை (எஸ்.எம்.டி.பி.) எழுதியவர் இவரே. இணைய எண்களையும் பெயர்களையும் ஒதுக்கும் பணியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவர் முன்னின்று நடத்தினார். மின்னஞ்சலின் எளிமை, அனுப்புநரை எளிதில் நம்பிவிடும் அதன் குறை ஆகிய இரண்டும் இவர் காலத்து வடிவமைப்பிலிருந்து வந்தவை. அக்குறையை நீக்கும் பாதுகாப்பு முறைகள் பெரும்பாலும் இவரது மறைவுக்குப் பின்னரே தரமாக்கப்பட்டன.

பிறப்பும் கல்வியும்

போஸ்டல் கலிபோர்னியா மாநிலத்தின் அல்டடேனா நகரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலசில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பிற்காலத்தில் இணைய உருவாக்கத்தில் பெரும் பங்காற்றிய விண்ட் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகியோரும் இதே பள்ளியின் மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் 1966 ஆம் ஆண்டு இளநிலைப் பட்டமும் 1968 ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1974 ஆம் ஆண்டு கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். கணினிகள் தொடர்புகொள்ளும் நெறிமுறைகளை வரைபட மாதிரிகளைக் கொண்டு பகுத்தாய்வதே இவரது ஆய்வேட்டின் பொருளாகும்.

ஆர்ப்பாநெட்டில் பணி

ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியில் உருவான ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பே இன்றைய இணையத்தின் முன்னோடியாகும். அதன் முதல் கணு 1969 ஆம் ஆண்டு போஸ்டல் பயின்ற பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. பேராசிரியர் லியனார்டு கிளைன்ராக் தலைமையில் இயங்கிய வலையமைப்பு அளவீட்டு மையத்தில் போஸ்டல் ஆய்வு மாணவராகப் பணியாற்றினார்.

பின்னர் சில நிறுவனங்களில் குறுகிய காலம் பணிபுரிந்த இவர், 1977 ஆம் ஆண்டு மரீனா டெல் ரே நகரில் இருந்த தகவல் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். இது தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஆகும். இறுதிவரை இவர் இங்கேயே பணியாற்றினார்.

அதே 1977 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் இவர் எழுதிய குறிப்பு ஒன்று இணையத்தின் அமைப்பையே மாற்றியது எனலாம். அப்போது ஒரே நெறிமுறையாக இருந்த டி.சி.பி., தரவுப் பொதிகளை வழிப்படுத்தும் பணியையும் அவை பிழையின்றிச் சேர்வதை உறுதிசெய்யும் பணியையும் சேர்த்தே செய்துவந்தது. இவ்விரண்டையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும் என்று போஸ்டல் வாதிட்டார். அவ்வாறு பிரிக்கப்பட்டவையே இன்றும் வழக்கில் உள்ள டி.சி.பி., ஐ.பி. என்னும் இரு நெறிமுறைகள் ஆகும்.

கருத்துரை வேண்டல் ஆவணங்கள்

வலையமைப்பின் நெறிமுறைகளைப் பொதுவில் வைத்து விவாதிப்பதற்காக ஆர்.எஃப்.சி. எனப்படும் கருத்துரை வேண்டல் ஆவணங்களை 1969 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் தொடங்கினார். அவ்வரிசையின் பதிப்பாசிரியர் பொறுப்பைப் போஸ்டல் தொடக்க காலத்திலேயே ஏற்றுக்கொண்டு மறைவு வரை வகித்தார். வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் படித்து, திருத்தி, எண்ணிட்டு வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் தாமே தனித்தும் பிறருடன் இணைந்தும் எழுதினார்.

இவ்வாவணங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இதனால் எந்த நாட்டைச் சேர்ந்த மாணவரும் ஆவணத்தைப் படித்து, அதற்கேற்ப மென்பொருள் எழுதி, வலையமைப்பில் இணைய முடிந்தது. இணையத் தரங்கள் உலகெங்கும் விரைவாகப் பரவியதற்கு இத்திறந்த முறையும் ஒரு காரணமாகும்.

எண்களின் பொறுப்பாளர்

ஒரு கணினியில் அஞ்சல், கோப்புப் பரிமாற்றம் முதலிய பல சேவைகள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடும். வரும் இணைப்பு எந்தச் சேவைக்குரியது என்பதை போர்ட் எண் என்னும் எண்ணே காட்டுகின்றது. எல்லாக் கணினிகளும் ஒரு சேவைக்கு ஒரே எண்ணைப் பயன்படுத்தினால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ள இயலும்.

இந்த எண்களை ஒதுக்குவதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 349 இல் போஸ்டல் முன்மொழிந்தார். அப்பொறுப்பாளர் தாமாகவே இருக்கலாமோ என்று பாதி விளையாட்டாக அதிலேயே கேட்டும் இருந்தார். அவ்வாறே ஆயிற்று. பின்னாளில் இப்பணி இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையம் (ஐயானா) என்று பெயர் பெற்றது. பெயரில் ஆணையம் என்று இருப்பினும், நெடுங்காலம் அது போஸ்டலும் அவருடன் பணியாற்றிய ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் உள்ளிட்ட சிலரும் மட்டுமே கொண்ட சிறு குழுவாக இருந்தது. மின்னஞ்சல் வழங்கிகளுக்கு உரிய 25 என்னும் போர்ட் எண்ணும் இப்பட்டியலில் இடம்பெற்றதே ஆகும்.

மின்னஞ்சல் நெறிமுறை

வெவ்வேறு கணினிகளுக்கு இடையிலான மின்னஞ்சலை 1971 ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் அறிமுகப்படுத்தினார். அதன்பின் சுமார் பத்து ஆண்டுகள் ஆர்ப்பாநெட்டில் அஞ்சல், கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் ஒரு பகுதியாகவே அனுப்பப்பட்டு வந்தது. பல வலையமைப்புகள் இணையும் நிலையில் அஞ்சலுக்குத் தனி நெறிமுறை தேவைப்பட்டது.

1980 ஆம் ஆண்டு சுசான் சுலூசருடன் இணைந்து அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை ஒன்றைப் போஸ்டல் வெளியிட்டார். அதனை எளிமையாக்கி 1981 நவம்பரில் எஸ்.எம்.டி.பி.யை முன்வைத்தார். திருத்தப்பட்ட வடிவம் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 ஆக வெளிவந்தது. அஞ்சலின் தலைப்பு வரிகளின் அமைப்பை வகுக்கும் ஆர்.எஃப்.சி. 822, டேவிட் குரோக்கரால் எழுதப்பட்டு அதே மாதத்தில் வெளியானது.

செயற்படும் முறை

எஸ்.எம்.டி.பி. இரு வழங்கிகளுக்கு இடையே நடைபெறும் உரையாடல் போன்றது. அனுப்பும் வழங்கி முதலில் தன் பெயரைச் சொல்லும். அடுத்து அனுப்புநரின் முகவரியையும், பின்னர் பெறுநரின் முகவரியையும் தெரிவிக்கும். பெறும் வழங்கி ஏற்றுக்கொண்டால் அஞ்சலின் உள்ளடக்கம் அனுப்பப்படும். ஒவ்வொரு கட்டளைக்கும் மூவிலக்க எண் ஒன்று விடையாக வரும். 2 இல் தொடங்கும் எண் பணி முடிந்ததைக் குறிக்கும். 3 இல் தொடங்குவது மேலும் தரவு தேவை என்பதையும், 4 இல் தொடங்குவது தற்காலிகத் தடையையும், 5 இல் தொடங்குவது நிலையான மறுப்பையும் குறிக்கும்.

தற்காலிகத் தடை ஏற்பட்டால் அனுப்பும் வழங்கி அஞ்சலை வரிசையில் வைத்திருந்து பின்னர் மீண்டும் முயலும். இதனால் பெறும் வழங்கி சில மணி நேரம் இயங்காவிட்டாலும் அஞ்சல் தொலைவதில்லை. இன்றும் மின்னஞ்சல் வழங்கியில் சிக்கல் ஏற்படும்போது அதன் நிர்வாகிகள் முதலில் பார்ப்பது இம்மூவிலக்க எண்களையே ஆகும்.

நம்பிக்கையும் குறையும்

இந்நெறிமுறை எழுதப்பட்ட காலத்தில் வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகளே. அவை பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் உரியவை. எனவே அனுப்புநர் சொல்லும் முகவரி உண்மையானதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எஸ்.எம்.டி.பி.யில் வைக்கப்படவில்லை. அஞ்சல் மறையாக்கம் செய்யப்படாமல் வெளிப்படையாகவே சென்றது. எவருடைய அஞ்சலையும் பெற்று அடுத்த வழங்கிக்கு அனுப்பிவைப்பது வழங்கிகளுக்கு இடையிலான நல்லொழுக்கமாகவே கருதப்பட்டது.

இவ்வாறு இருப்பினும், போஸ்டல் இவ்வகை ஆபத்தை அறியாதவர் அல்லர். வேண்டாத செய்திகளை ஒரு கணினி தேர்ந்து மறுப்பதற்கு ஆர்ப்பாநெட்டில் வழியில்லை என்பதை 1975 நவம்பரிலேயே ஆர்.எஃப்.சி. 706 என்னும் ஒரு பக்கக் குறிப்பில் இவர் சுட்டிக்காட்டினார். பழுதடைந்த கணினி ஒன்று செய்திகளைக் குவித்தால் பெறும் கணினியின் பணியே முடங்கும் என்பது அதன் சாரம். எரிதங்களைப் பற்றிய மிகப் பழைய எச்சரிக்கைகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. 1978 மே மாதத்தில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு வணிக விளம்பரம் ஆர்ப்பாநெட் வழியே அனுப்பப்பட்டபோது இவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கியது.

1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு என்னும் தீநிரல், செண்ட்மெயில் என்ற அஞ்சல் வழங்கி மென்பொருளில் இருந்த ஓட்டையையும் பயன்படுத்தியே கணினிகளுக்குள் நுழைந்தது. 1990களில் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும், யாருடைய அஞ்சலையும் கடத்திய வழங்கிகள் எரிதம் அனுப்புவோரின் கருவிகளாயின.

உறுதிநிலைக் கொள்கை

1980 ஆம் ஆண்டு இணைய நெறிமுறை ஆவணத்தில் போஸ்டல் எழுதிவைத்த ஒரு வழிகாட்டுதல் போஸ்டல் விதி என்றும் உறுதிநிலைக் கொள்கை என்றும் அழைக்கப்படுகின்றது. ஒரு மென்பொருள் தான் அனுப்புவதில் விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிறர் அனுப்புவதில் சிறு பிழைகள் இருப்பினும் பொருள் விளங்கினால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. வெவ்வேறு நிறுவனங்கள் எழுதிய மென்பொருட்கள் ஒன்றுடன் ஒன்று இணைந்து இயங்க இக்கொள்கை பெரிதும் துணைபுரிந்தது.

பிற்காலத்தில் இக்கொள்கை விமர்சனத்துக்கும் உள்ளானது. பிழைகளைப் பொறுத்துக்கொள்வதால் அவை நிலைபெற்றுவிடுகின்றன என்றும், தாக்குபவர்களுக்கு அது இடமளிக்கின்றது என்றும் வாதிடப்பட்டது. 2023 ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 9413 இவ்விமர்சனத்தை விரிவாக எடுத்துரைக்கின்றது.

ஆட்களப் பெயர்கள்

எண்களுக்கு மாற்றாக மக்கள் நினைவில் கொள்ளத்தக்க பெயர்களைப் பயன்படுத்தும் ஆட்களப் பெயர் முறைமையைப் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இப்பணியை அவருக்கு அளித்தவர் போஸ்டல் ஆவார். இம்முறைமை 1983 நவம்பரில் ஆவணமாக வெளிவந்தது.

நாடுகளுக்கான ஈரெழுத்துப் பெயர்களை ஒதுக்கும் பொறுப்பும் போஸ்டலிடமே இருந்தது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது தம் வேலையன்று எனக் கருதிய இவர், ஐ.எஸ்.ஓ. 3166 என்னும் பன்னாட்டுத் தரப்பட்டியலில் இருப்பதை அப்படியே பின்பற்றினார். 1994 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1591 இல் இந்நிலைப்பாட்டை விளக்கினார். ஒரு நாட்டின் ஆட்களப் பெயரைப் பேணுபவர் அதன் உரிமையாளர் அல்லர், அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் பொறுப்பான அறங்காவலர் என்பதையும் அதில் வலியுறுத்தினார். இந்தியாவுக்கான ஆட்களப் பெயர் 1989 ஆம் ஆண்டிலும் இலங்கைக்கானது 1990 ஆம் ஆண்டிலும் ஒதுக்கப்பட்டன.

1998 ஜனவரி நிகழ்வு

1990களின் நடுப்பகுதியில் ஆட்களப் பெயர்கள் பெரும் வணிகப் பொருளாயின. பெயர்ப் பதிவு நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனத்திடம் இருந்தது. இணையத்தின் பெயர்களைக் கட்டுப்படுத்தும் உரிமை பொறியியலாளர் சமூகத்துக்கு உரியதா, ஐக்கிய அமெரிக்க அரசுக்கு உரியதா என்ற கேள்வி எழுந்தது.

1998 ஜனவரி 28 அன்று, பெயர் முறைமையின் வேர் வழங்கிகளை நடத்திய பன்னிருவருள் எண்மருக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நடத்திய முதன்மை வழங்கிக்கு மாறாக, ஐயானாவின் வழங்கியிலிருந்து தரவைப் பெறுமாறு அதில் கேட்டுக்கொண்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர். இணையப் பயன்பாட்டுக்கு இடையூறு எதுவும் நேரவில்லை. எனினும் வேர் வழங்கிகள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி போஸ்டலையும் மறு பகுதி அரசின் ஒப்பந்த நிறுவனத்தையும் பின்பற்றின.

செய்தியறிந்த வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மகசினர் போஸ்டலிடம் பேசி மாற்றத்தைத் திரும்பப் பெறுமாறு கூறினார். போஸ்டல் அதற்கு இணங்கினார். இது ஒரு சோதனையே என்று இவர் விளக்கமளித்தார். சிலர் இதனை அரசுக்கு விடுத்த அறைகூவலாகவே கண்டனர். சில நாட்களுக்குள் பெயர் நிர்வாகத்தைச் சீரமைக்கும் முன்மொழிவை ஐக்கிய அமெரிக்க அரசு வெளியிட்டது.

எண்மரும் ஒரு மின்னஞ்சலைக் கண்டு தம் வழங்கிகளை மாற்றியதற்கு எந்தச் சட்டமும் காரணமன்று. போஸ்டல் மீது அவர்கள் கொண்டிருந்த தனிப்பட்ட நம்பிக்கையே காரணம். ஆயினும் உலகம் சார்ந்திருக்கும் ஓர் அமைப்பு தனியொருவரின் மீதான நம்பிக்கையில் நிலைக்க முடியாது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்தியது. இப்பணிகளை ஏற்க ஐகான் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் 1998 செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்டது. அதன் உருவாக்கத்தில் போஸ்டல் முக்கியப் பங்கு வகித்தார்.

மறைவு

போஸ்டல் இதய நோயால் பாதிக்கப்பட்டிருந்தார். 1991 ஆம் ஆண்டு இவரது இதய வால்வு மாற்றப்பட்டிருந்தது. ஐகான் பதிவு செய்யப்பட்ட பதினாறாம் நாளான 1998 அக்டோபர் 16 அன்று, இதய அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்த சிக்கல்களால் லாஸ் ஏஞ்சலசில் தமது 55 ஆம் வயதில் காலமானார். விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல் உரை ஆர்.எஃப்.சி. 2468 ஆக, போஸ்டல் பேணிவளர்த்த அதே ஆவண வரிசையில் வெளியிடப்பட்டது.

மறைவுக்குப் பின் மின்னஞ்சல் பாதுகாப்பு

போஸ்டல் மறைந்த ஆறு மாதங்களுக்குள், எஸ்.எம்.டி.பி.யின் குறைகளை நீக்கும் மூன்று ஆவணங்கள் வெளிவந்தன. பயனர்களும் செயலிகளும் அஞ்சலை ஒப்படைப்பதற்கென 587 என்னும் தனி போர்ட்டை 1998 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2476 வரையறுத்தது. இணைப்பை மறையாக்கம் செய்யும் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். முறையை 1999 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 2487 தந்தது. பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைச் சரிபார்க்கும் முறையை 1999 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2554 தந்தது. எஸ்.எம்.டி.பி.யின் திருத்திய பதிப்புகள் 2001 ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 2821 ஆகவும், 2008 ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 5321 ஆகவும் வெளியாயின. பழைய 821 ஐ நினைவூட்டும் வகையில் இவ்வெண்கள் அமைந்துள்ளன.

இம்முறைகள் இணைந்து செயற்படுவதைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் உள்ள ஓர் ஏலக்காய் வணிகரின் கணக்கு மென்பொருள், விற்பனைப் பட்டியலை வெளியூர் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம்.

1. மென்பொருள் அஞ்சலைத் தன் வழங்கியின் 587 ஆம் போர்ட்டிலோ 465 ஆம் போர்ட்டிலோ ஒப்படைக்கும். முன்னதில் இணைப்பு தொடங்கிய பின் மறையாக்கம் ஏற்படும். பின்னதில் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் இருக்கும். 2018 ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 8314 பின்னதைப் பரிந்துரைக்கின்றது.
2. வழங்கியின் சான்றிதழை மென்பொருள் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காவிடில் இடையில் நிற்கும் போலி வழங்கிக்குக் கடவுச்சொல் சென்றுவிடும்.
3. மறையாக்கம் ஏற்பட்ட பின்னரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பப்பட வேண்டும். இக்கடவுச்சொல் அம்மென்பொருளுக்கென்றே தனியாக அமைக்கப்பட்டதாக இருப்பது நன்று.
4. வணிகரின் வழங்கி, பெறுநரின் ஆட்களப் பெயருக்கு உரிய அஞ்சல் வழங்கியைக் கண்டறிந்து 25 ஆம் போர்ட் வழியே அஞ்சலைச் சேர்க்கும். உள்நுழைவு பெறாத எவருடைய அஞ்சலையும் வெளியே கடத்தாதவாறு வழங்கி அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெறும் வழங்கி மூன்று கேள்விகளுக்கு விடை தேடும். இந்த ஆட்களப் பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப இந்த வழங்கிக்கு உரிமை உண்டா என்பதை எஸ்.பி.எஃப். காட்டும். அஞ்சல் வழியில் மாற்றப்பட்டதா என்பதை டி.கே.ஐ.எம். என்னும் மின்னொப்பம் காட்டும். இதற்கான தனித் திறவி அனுப்பும் வழங்கியில் மறைவாகவும், பொதுத் திறவி ஆட்களப் பெயர்ப் பதிவேட்டில் வெளிப்படையாகவும் இருக்கும். இவ்விரண்டும் பொய்த்தால் அஞ்சலை என்ன செய்வது என்பதை டிமார்க் கொள்கை சொல்லும். கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும் என 2024 பிப்ரவரி முதல் விதித்தன.

இவற்றை அமைக்காவிடில் வணிகரின் பட்டியல் எரிதப் பெட்டிக்குச் செல்லக்கூடும். அதைவிடத் தீங்கானது, வேறொருவர் அவர் பெயரில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிய போலிப் பட்டியலை அனுப்புவதாகும். இம்மூன்று முறைகளும் தம் தகவல்களை ஆட்களப் பெயர் முறைமையிலேயே பதிந்து வைக்கின்றன. போஸ்டலின் மேற்பார்வையில் உருவான ஒரு முறைமை, அவர் எழுதிய மற்றொரு நெறிமுறையின் குறையை நிரப்புகின்றது எனலாம்.

தமிழும் மின்னஞ்சலும்

இந்தியாவில் 1986 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எர்நெட் திட்டத்தின் வழியே சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் மின்னஞ்சலைப் பெற்றன. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

ஆர்.எஃப்.சி. 821 ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்றது. எனவே தொடக்க காலத்தில் தமிழை ரோமன் எழுத்துகளில் எழுதியே அனுப்ப வேண்டியிருந்தது. 1992 ஆம் ஆண்டு வந்த மைம் தரம் பிறமொழி எழுத்துகளையும் படங்களையும் அஞ்சலில் இணைக்க வழிசெய்தது. அதன்பின் டிஸ்கி, ஒருங்குறி ஆகிய குறியேற்றங்களில் தமிழ் அஞ்சல்கள் பரவின. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல் வழியே இணைந்து தமிழ் நூல்களை மின்னாக்கினர். மின்னஞ்சல் முகவரியிலேயே தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்த 2012 ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 6531 வகைசெய்தது.

தனி இயல்புகள்

நீண்ட தாடியும் காலணியாகச் செருப்பும் இவரது அடையாளங்களாயின. சியரா நெவாடா மலைகளில் முதுகுப்பையுடன் நடைப்பயணம் செல்வதில் ஈடுபாடு கொண்டிருந்தார். இணையம் பலரைப் பெருஞ்செல்வர்களாக்கிய காலத்திலும் இவர் ஆய்வு நிறுவன ஊழியராகவே வாழ்ந்தார்.

மதிப்புகள்

1997 ஆம் ஆண்டு ஏ.சி.எம். அமைப்பின் சிக்காம் விருதைப் பெற்றார். 1998 ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது. இணையச் சமூகம் என்னும் அமைப்பு இவர் பெயரில் ஏற்படுத்திய சேவை விருது, 1999 ஆம் ஆண்டு முதன்முதலாக இவருக்கே வழங்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இணையப் புகழரங்கில் முதல் ஆண்டிலேயே இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

முக்கிய ஆவணங்கள்

- ஆர்.எஃப்.சி. 706 – வேண்டாத அஞ்சல் சிக்கல் (1975)
- ஆர்.எஃப்.சி. 768 – யு.டி.பி. நெறிமுறை (1980)
- ஆர்.எஃப்.சி. 791, 793 – ஐ.பி., டி.சி.பி. நெறிமுறைகள் (1981, பதிப்பாசிரியராக)
- ஆர்.எஃப்.சி. 821 – எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை (1982)
- ஆர்.எஃப்.சி. 959 – கோப்புப் பரிமாற்ற நெறிமுறை (1985, ஜாய்ஸ் ரேனால்ட்சுடன்)
- ஆர்.எஃப்.சி. 1591 – ஆட்களப் பெயர்களின் அமைப்பும் ஒப்படைப்பும் (1994)